பி.எஸ்சி. சைக்காலஜி முடித்தால் மனநல மருத்துவர் ஆகிவிடலாமா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நான் விருதுநகர் மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன், பயாலஜி குரூப். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான். என் தாய்மாமாவுக்குப் பல வருடமாக மனநோய். முதலில் ஏர்வாடி தர்கா, அப்புறம் குணசீலம் கோயில் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். பெரியாஸ்பத்திரியில் மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் தேறினார், இப்போது அச்சகத்தில் வேலைக்குப் போகிறார். மாதம் ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரை கொடுக்கிறார்கள், அது ஏன் என்று தெரியவில்லை. அவரைப் பார்த்துத்தான் எனக்கும் மனநல மருத்துவர் ஆக ஆசை. டியூஷன் அண்ணன் "நீட் எல்லாம் எதுக்கு, பி.எஸ்சி. சைக்காலஜி மூணு வருஷம் படி, போதும்" என்கிறார். சரியா? மொத்தம் எத்தனை வருடம், எவ்வளவு செலவு? எனக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும். போன வருடம் எனக்கே மனச்சோர்வு என்று சொல்லி சில மாதம் மாத்திரை கொடுத்தார்கள், அது தடையாகுமா? அம்மா வேறு, "இந்தப் படிப்பு படித்தால் உனக்கும் அப்படியே ஆகிவிடும், நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வது" என்கிறார்.

பதில்: உன் டியூஷன் அண்ணன் அக்கறையோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் அது தவறான தகவல்மா. பி.எஸ்சி. சைக்காலஜி நல்ல படிப்பு. அதிலிருந்து மனநல மருத்துவர் ஆக வழி கிடையாது. எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மனநல மருத்துவத்தில் மூன்று வருட முதுநிலைப் படிப்பு முடித்தவர்தான் மனநல மருத்துவர். சைக்காலஜி படித்தவர்கள் மேலே படித்து, உரிய பதிவு பெற்று, சோதனைகள் செய்யலாம், பேச்சு சிகிச்சை கொடுக்கலாம், அதற்கு எங்கள் துறையில் பெரிய மரியாதை உண்டு. மருந்து எழுத மட்டும் முடியாது. இந்த இரண்டு வழியும் பிளஸ் டூ முடித்த அன்றே பிரிந்துவிடுகின்றன, அதனால் இதை நீ இப்போதே கேட்டது நல்லதாகப் போயிற்று. மூன்று வருடம் சைக்காலஜி படித்து முடித்துவிட்டு "இப்போது எம்.டி. சேரலாமா மேடம்" என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம் இல்லை என்று சொல்வது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். நாலரை வருடம், அதோடு ஒரு வருடம் கட்டாயப் பயிற்சி, நம் ஊரில் ஹவுஸ் சர்ஜன் என்று சொல்வார்களே அது. ஆக ஐந்தரை. அதற்குப் பிறகு எம்.டி. அல்லது டி.என்.பி. மனநல மருத்துவம் மூன்று வருடம். மொத்தம் எட்டரை. ஆனால் நடைமுறையில் பலருக்கு எட்டரையில் முடிவதில்லை. நீட்டுக்கு ஒரு வருடம் கூடுதலாகப் போகலாம், முதுநிலை நுழைவுத் தேர்வுக்கு உட்கார்ந்து படிக்க இன்னொரு வருடம் போகலாம், அதனால் பத்து வருடம் என்று வீட்டில் சொல்லி வை. இருபத்தெட்டு வயதில் நீ தனியாக நோயாளியைப் பார்க்கும் தகுதியோடு இருப்பாய். முதுநிலை படிக்கும் மூன்று வருடமும் மாத உதவித்தொகை வரும், ஹவுஸ் சர்ஜனுக்கும் உண்டு, எனவே பத்து வருடமும் வீட்டுக் கையை எதிர்பார்த்தே இருக்க வேண்டியதில்லை.

நீட் பற்றிப் பயமுறுத்தவும் மாட்டேன், சுலபம் என்று சொல்லவும் மாட்டேன். 180 கேள்வி, 720 மதிப்பெண், அதில் பாதி, அதாவது 360, உயிரியலுக்கு மட்டுமே. தமிழிலும் எழுதலாம். அதிகபட்ச வயது வரம்பு இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். உன் விஷயத்தில் மிக முக்கியமானது வேறு ஒன்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்த இடத்தில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அது கிடைக்காமல் போனாலும் அரசுக் கல்லூரியில் வருடக் கட்டணம் ஆயிரங்களில்தான் இருக்கும், தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீடு என்றால் வருடத்துக்குப் பல லட்சம். வெளிநாட்டில் போய்ப் படிக்கலாம் என்று ஏஜென்டுகள் வீட்டுக்கே வந்து பேசுவார்கள், திரும்பி வந்து இங்கே தகுதித் தேர்வு எழுதித் தேறினால்தான் மருத்துவராகப் பதிவு செய்ய முடியும் என்பதை மெதுவான குரலில் சொல்வார்கள். வீட்டை அடமானம் வைத்து அந்த வழியில் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

சரி, உன் கடிதத்தில் நேராகக் கேட்காத, ஆனால் உள்ளுக்குள் இருக்கும் கேள்விக்கு வருகிறேன். மனசுக்கு வைத்தியம் பார்க்க எலும்பும் ஈரலும் எதற்குப் படிக்க வேண்டும், ஐந்தரை வருடம் வீண்தானே என்று நிறையப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். எம்.பி.பி.எஸ்.ஸில் மனநலத்துக்கு என்று தனித் தேர்வே கிடையாது, பொது மருத்துவத் தாளுக்குள் ஒரு பகுதியாக வந்து போகும், படிக்கும்போது சில வார போஸ்டிங், ஹவுஸ் சர்ஜன் காலத்தில் இரண்டு வாரம், அவ்வளவுதான். அதனால் மனநல ஆர்வத்தோடு சேரும் பிள்ளைகள் பலர் அந்த ஐந்து வருடத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். அப்படி ஓட்டாதே. நீ நல்ல மனநல மருத்துவராக வருவாயா இல்லையா என்பதில் பாதி அந்த ஐந்தரை வருடத்தில்தான் முடிவாகிறது என்று நான் நம்புகிறேன்.

உன் மாமாவையே எடுத்துக்கொள். நான் அவருடைய மருந்துச் சீட்டைப் பார்க்கவில்லை, ஆனால் மாதா மாதம் ரத்தம் பார்த்துவிட்டுத்தான் மாத்திரை என்றால் அது பெரும்பாலும் குளோசபினாக இருக்கும். மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவு நோய்க்கு இன்றைக்கும் அதை விடச் சிறந்த மருந்து எங்களிடம் இல்லை. ஆனால் நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு அது ரத்தத்தின் வெள்ளணுக்களை அபாயமான அளவுக்குக் குறைத்துவிடும். அதனால்தான் முதல் பதினெட்டு வாரம் வாரா வாரம் ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு இடைவெளி விட்டு. அந்த மருந்து சாப்பிடும் ஒருவருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் ஒரு பாராசிட்டமாலைக் கொடுத்து அனுப்பிவிட முடியாது, அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். அதே மருந்து மலச்சிக்கலை உண்டாக்கிக் குடலையே அடைத்துவிடவும் கூடும், எடையைக் கூட்டும், சர்க்கரை நோயைக் கொண்டு வரும். லித்தியம் என்று இன்னொரு மருந்து, மனநிலை ஏறி இறங்கும் நோய்க்குக் கொடுப்பது, அதற்கு ரத்தத்தில் மருந்தின் அளவு, தைராய்டு, சிறுநீரகம் எல்லாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வயிற்றுப்போக்கில் உடம்பில் தண்ணீர் வற்றினாலே அது விஷ அளவுக்கு ஏறிவிடும். இதையெல்லாம் மருந்தியலும் உடலியலும் ஒழுங்காகப் படிக்காமல் எப்படிச் செய்வது?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மனநோய் மாதிரி வந்து நிற்கும் உடல் நோய்கள். எந்நேரமும் படுக்கை, எதிலும் பிடிப்பில்லை, அழுகை என்று கூட்டிக்கொண்டு வரப்படும் பெண்ணுக்குத் தைராய்டு சுரப்பு குறைந்திருக்கலாம். நேற்று வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த தாத்தா ராத்திரியில் செத்துப்போன பாட்டியோடு பேசுகிறார் என்றால் அவருக்குச் சிறுநீரில் கிருமித் தொற்றோ சோடியம் குறைவோ இருக்கிறதா என்றுதான் முதலில் தேட வேண்டும். கால் முறிந்து ஆர்த்தோ வார்டில் சேர்ந்தவர் மூன்றாம் நாள் கை நடுங்கி, வியர்த்து, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று எழுந்து ஓடினால், தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தியதால் வரும் ஆபத்தான நிலை அது, கவனிக்காவிட்டால் உயிர் போகும். அவருக்கு தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடாமல் குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். மூளையழற்சி, வலிப்பு, மூளைக் கட்டி எல்லாமும் சில நேரம் "யாரோ செய்வினை வச்சிட்டாங்க" என்ற பேச்சோடுதான் எங்கள் ஓ.பி.க்கு வருகின்றன. முதலில் பார்க்கும் மனநல மருத்துவர் மருத்துவராகவும் இருந்தால்தான் அவர்கள் பிழைப்பார்கள். ஆகவே மெடிசின் வார்டிலும் பிரசவ வார்டிலும் கேஷுவாலிட்டியிலும் நிற்கும்போது நன்றாகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நில். குழந்தை பிறந்த முதல் இரண்டு வாரத்தில் ஒரு தாய் தூங்காமல் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தால் அது அவசர சிகிச்சைக்கு உரிய நோய் என்பது பிரசவ வார்டில் ஒரு கேஸைப் பார்த்தவர்களுக்கு வாழ்நாளில் மறக்காது.

ரத்தம் பார்த்தால் மயக்கம் என்றாயே, அதற்கும் இங்கேயே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதைக் காரணம் சொல்லிப் படிப்பையே விட்டவர்கள் உண்டு. மற்ற பயங்களில் இதயம் படபடத்து ரத்த அழுத்தம் ஏறும். ரத்தத்தைப் பார்த்து வரும் பயத்தில் மட்டும் முதலில் கொஞ்சம் ஏறி, அப்புறம் சட்டென்று இறங்கும், அதனால்தான் ஆள் விழுகிறார். எனவே இதற்கு மூச்சை இழுத்து விட்டு உடம்பைத் தளர்த்தும் வழக்கமான யோசனை உதவாது. கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து நொடி இறுக்கிப் பிடித்து, முகத்தில் சூடு ஏறுவது தெரிந்ததும் விட்டு, அரை நிமிடம் கழித்து மறுபடி இறுக்க வேண்டும். இப்படிப் பழகிக்கொண்டே முதலில் படம், பிறகு ஊசி, பிறகு ரத்தம் என்று படிப்படியாகப் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்திலேயே சரியாகிறது. பிணவறையில் முதல் நாள் மயங்கி விழுந்து பின்னாளில் அறுவை மருத்துவர் ஆனவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். உனக்கு இது அதிகமாக இருந்தால் மாமாவைக் கூட்டிக்கொண்டு போகும் அதே ஓ.பி.யில் ஒருநாள் உன்னையும் காட்டு.

எம்.பி.பி.எஸ். முடித்ததும் நீட் பி.ஜி. என்ற முதுநிலை நுழைவுத் தேர்வு. 200 கேள்வி, 800 மதிப்பெண், தப்பான விடைக்கு மைனஸ் உண்டு. ரேங்க் வரிசைப்படி இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரேடியாலஜி, தோல் மருத்துவம், பொது மருத்துவம் முதலில் போய்விடும். ஒரு காலத்தில் கடைசியாக மிஞ்சிய இடம் என்று மனநலத்தை எடுத்தவர்கள் நிறைய, இப்போது நல்ல ரேங்க் எடுத்தும் விரும்பி வருகிறார்கள், எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். பெங்களூரு நிம்ஹான்ஸ், புதுச்சேரி ஜிப்மர், எய்ம்ஸ் போன்ற இடங்களுக்கு ஐ.என்.ஐ. செட் என்று வருடத்துக்கு இருமுறை தனித் தேர்வு நடக்கிறது. நிம்ஹான்ஸில் நரம்பியலும் மனநலமும் ஒரே வளாகத்தில் இருப்பது பெரிய வசதி. டி.பி.எம். என்ற இரண்டு வருட டிப்ளமோ பற்றி யாராவது சொல்வார்கள், நான் படித்த காலத்தில் அது பரவலாக இருந்தது, இப்போது அந்த இடங்கள் பெரும்பாலும் எம்.டி.யாக மாறிவிட்டதால் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு முதுநிலையில் தனி ஒதுக்கீடு இருக்கிறது, எனவே எம்.பி.பி.எஸ். முடித்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு அந்த வழியில் வருபவர்களும் உண்டு. என் மாணவர்களில் கிராமத்து ஜனங்களிடம் நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் இப்படி வந்தவர்கள்தான். எம்.பி.பி.எஸ். முடிவில் நெக்ஸ்ட் என்ற பொதுத் தேர்வு வரப்போகிறது என்பது 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்திலேயே இருக்கிறது, நீ முடிக்கும்போது எந்தப் பெயரில் என்ன தேர்வு இருக்கும் என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

முதுநிலையின் மூன்று வருடத்தில் என்ன நடக்கும் என்று யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். முதல் ஆறு மாதமும் உன்னைக் கதை கேட்கத்தான் விடுவார்கள். நோயாளியிடம் ஒரு கதை, கூட வந்த அம்மாவிடம் ஒரு கதை, மனைவியிடம் இன்னொரு கதை, மூன்றும் பொருந்தாது. நோய் எப்போது, எப்படி ஆரம்பித்தது, அதற்கு முன் ஆள் எப்படி இருந்தார், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, தூக்கம் எப்படி, வேலைக்குப் போனாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஐந்தாறு பக்கம் எழுத வேண்டும், ஒரு கேஸுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். பிறகு அவருடைய தோற்றம், பேச்சு, மனநிலை, எண்ணம், புலனறிவு, நினைவு எல்லாவற்றையும் வரிசையாகப் பரிசோதித்து எழுத வேண்டும். இதைப் பேராசிரியர் முன்னால் படித்துக் காட்டும்போது "காதில் குரல் கேட்கிறது என்கிறாயே, ஒருவரா பலரா, அவரைப் பற்றிப் பேசுகிறார்களா அவரோடு பேசுகிறார்களா, கேட்டாயா?" என்று ஒரே கேள்வியில் நிறுத்திவிடுவார்கள். திரும்பப் போய்க் கேட்டு வர வேண்டும். சலிப்பாக இருக்கும். ஆனால் எக்ஸ்ரேவும் ஸ்கேனும் கைகொடுக்காத துறை இது, இந்தக் கேள்விகள்தான் எங்கள் கருவி.

நம் ஜனங்கள் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பதையும் அப்போதுதான் கற்றுக்கொள்வாய். உச்சந்தலை எரியுது, நெஞ்சு அடைக்குது, கை கால் ஓய்ந்துபோகுது, சாப்பாடு இறங்கலை என்பார்கள். வயிறு, இதயம், நரம்பு என்று எல்லா டாக்டரையும் பார்த்து, எல்லா டெஸ்டும் நார்மல் என்று ஒரு பை நிறைய ரிப்போர்ட்டோடு வருவார்கள். அந்தப் பையை மரியாதையாக வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் அடுத்த பேச்சு தொடங்கும்.

அடுத்தடுத்து போஸ்டிங்குகள் வரும். குழந்தைகள் மனநலம், குடிநோய் மீட்பு, நரம்பியல், மற்ற வார்டுகளிலிருந்து அழைக்கும் நோயாளிகள், நீதிமன்றம் அனுப்பும் கேஸ்கள். தற்கொலைக்கு முயன்று காப்பாற்றப்பட்டவரை மெடிசின் வார்டில் போய்ப் பார்ப்பது தினசரி வேலை. அவரிடம் அதைப் பற்றி நேராகக் கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று ஆரம்பத்தில் எல்லாருக்கும் பயம், கேட்பதுதான் அவருக்கு ஆறுதல் என்று புரியக் கொஞ்ச காலம் பிடிக்கும். மின் அதிர்வு சிகிச்சை கொடுக்கக் கற்றுக்கொள்வாய், சினிமாவில் காட்டுகிற மாதிரி ஆளைப் பிடித்து அமுக்கிச் செய்வது கிடையாது, மயக்க மருந்து கொடுத்து, தசையைத் தளர்த்தித்தான் செய்ய வேண்டும், அப்படியில்லாமல் செய்வதை 2017 மனநல மருத்துவச் சட்டமே தடை செய்திருக்கிறது. மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை செய்வதும் இப்போது கட்டாயம். கூடவே ஓர் ஆய்வை எடுத்து ஆய்வேடு எழுத வேண்டும். கடைசியில் நான்கு தாள் தேர்வு, நோயாளியை வைத்து கிளினிக்கல், வாய்மொழித் தேர்வு.

சட்டத்தைச் சொன்னதால் ஏர்வாடியையும் சொல்ல வேண்டும், உன் குடும்பமும் அங்கே போய் வந்ததால். 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலை, ஏர்வாடியில் தனியார் நடத்திய ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் 28 பேர் இறந்துபோனார்கள். ஓட முடியாமல். நீ பிறப்பதற்கு முன்பு நடந்தது, ஆனால் இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையும் தெரிந்திருக்க வேண்டியது. இன்றைய சட்டம் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. உன் குடும்பம் தர்காவுக்கும் கோயிலுக்கும் போனதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி எங்கே என்று யாரும் சொல்லாத இடத்தில் ஜனங்கள் நம்பிக்கையைத் தேடித்தான் போவார்கள். இப்போது ஏர்வாடி தர்காவுக்கே அரசு மனநல மருத்துவர்கள் போய் நோயாளிகளைப் பார்க்கிறார்கள், தொழுகையும் நடக்கிறது, மாத்திரையும் கிடைக்கிறது. 2015-16 தேசிய மனநல ஆய்வு தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்தது, அதில் சிகிச்சை தேவைப்பட்டும் கிடைக்காதவர்கள் நோயைப் பொறுத்து 70 சதவீதத்துக்கு மேல் இருந்தார்கள். உன்னைப் போல ஒரு பிள்ளை இந்த வழியில் வந்து சாத்தூரிலோ அருப்புக்கோட்டையிலோ உட்கார வேண்டும் என்று நான் ஆசைப்படுவதற்குக் காரணம் இதுதான்.

எந்தக் கல்லூரியில் முதுநிலை சேர்வது என்று ஐந்தாறு வருடம் கழித்துக் கேட்பாய், இருந்தாலும் இப்போதே ஒன்று சொல்லி வைக்கிறேன். சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794இல் தொடங்கியது, சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது, அங்கே பார்க்கக் கிடைக்கும் நோய்களின் வகை வேறெங்கும் எளிதில் கிடைக்காது. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கி சிகிச்சையில் பங்கெடுப்பார்கள், குடும்பத்தை எப்படிக் கூட்டாளியாக்குவது என்று அங்கே கற்றுக்கொள்ளலாம். கூட்டம் அதிகமான அரசு ஓ.பி.க்களில் மருந்து சிகிச்சை நன்றாகக் கைவந்துவிடும், ஆனால் ஒரு நோயாளியோடு வாரா வாரம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசும் சிகிச்சையை ஒருவர் மேற்பார்வையில் பழகுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. இது நம் பயிற்சியில் உள்ள உண்மையான குறை, நான் வேலை பார்க்கும் இடத்துக்கும் சேர்த்தே சொல்கிறேன். எனவே கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காமல், அங்கே படிக்கும் சீனியரிடம் "பேச்சு சிகிச்சைக்கு யார் மேற்பார்வை செய்கிறார்கள், எத்தனை கேஸ் பார்த்தீர்கள்" என்று கேட்டுவிட்டுச் சேர். எம்.டி. முடித்த பிறகு குழந்தைகள், முதியோர், போதை என்று ஒன்றில் ஆழமாகப் போக விரும்பினால் மேலும் மூன்று வருட டி.எம். என்ற மேற்படிப்பு இருக்கிறது, அது கட்டாயமில்லை.

உனக்கு வந்த மனச்சோர்வு தடையா என்றால், இல்லை. எந்த விண்ணப்பத்திலும் அதற்காக உன்னை ஒதுக்க மாட்டார்கள். காசநோய் வந்து குணமானவர் நுரையீரல் மருத்துவர் ஆகக் கூடாதா என்ன? ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனமாகக் கேட்டுக்கொள். டாக்டர் சொல்லி மருந்தை நிறுத்தினாயா, நீயாகவே நிறுத்திவிட்டாயா என்று கடிதத்தில் இல்லை. நீயாக நிறுத்தியிருந்தால் ஒருமுறை போய்க் காட்டிவிடு, நீட் வருடம் லேசான வருடம் இல்லை. அப்புறம், மருத்துவக் கல்லூரியில் தூக்கமும் கெடும், பரிட்சையும் நெருக்கும், அங்கே பழைய அறிகுறி எட்டிப் பார்த்தால் "நானே டாக்டருக்குப் படிக்கிறேன்" என்று மறைக்காமல் முதல் வாரத்திலேயே யாரிடமாவது சொல். மனசு ரொம்பக் கனமாக இருக்கும் ராத்திரியில் 14416க்கு அழைக்கலாம், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. இன்றைக்கே தேவைப்பட்டாலும் அழை. நீ பட்ட கஷ்டம் நோயாளியின் கஷ்டத்தைச் சீக்கிரம் உணர உதவும் என்பது உண்மை, ஆனால் எல்லாருடைய மனச்சோர்வும் உன்னுடையதைப் போலவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாமல் இருக்கவும் பழக வேண்டும்.

அம்மாவின் பயத்துக்கு வருவோம். மனநோய் தொற்றுவதில்லை. அது அம்மாவுக்கும் தெரிந்திருக்கும், அவருடைய உண்மையான பயம் ஊர் என்ன சொல்லும் என்பது. தம்பிக்கு நோய் வந்தபோது ஊர் பேசியதை அவர் கேட்டிருக்கிறார், மகளையும் அந்தப் பேச்சு தொட வேண்டாம் என்று நினைக்கிறார். அவரிடம் வாதாடாதே. டாக்டர் சாரதா மேனனைப் பற்றிச் சொல். 1923இல் பிறந்தவர், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர், 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்குத் தலைமைப் பொறுப்பில் இருந்தார், ஓய்வுக்குப் பிறகு 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் என்ற அமைப்பைத் தொடங்கினார், பத்மபூஷண் வாங்கினார், தொண்ணூறு வயது தாண்டியும் நோயாளிகளுக்காக உழைத்து 2021இல் மறைந்தார். இன்று என் துறையில் முதுநிலை படிக்கும் பிள்ளைகளில் பெண்கள் ஏராளம், நன்றாக இருக்கிறார்கள், கல்யாணமும் நடக்கிறது.

மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவரைக் குணமாக்கத்தான் இந்தப் படிப்பு என்று மனதில் இருந்தால் அந்தப் பாரத்தை இறக்கி வைத்துவிடு. நீ டாக்டராகி வர பத்து வருடம் ஆகும், அவருக்கு மாத்திரை இந்த மாதம் தேவை. தவிர, நாங்கள் சொந்தக் குடும்பத்துக்கு வைத்தியம் பார்ப்பதில்லை, பாசம் இருக்கும் இடத்தில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க வாய் வராது. நீ மனநல மருத்துவர் ஆன பிறகும் அவருக்கு நீ மருமகள்தான். அவர் அச்சகத்துக்கு வேலைக்குப் போகிறார் என்று ஒரு வரியில் எழுதியிருந்தாய், அந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு தினமும் வேலைக்குப் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவரிடம் ஒருமுறையாவது சொல்.

நீட்டில் இடம் கிடைக்காமலே போனால்? கேட்க வேண்டிய கேள்விதான். அப்போது உன் டியூஷன் அண்ணன் சொன்ன சைக்காலஜியைத் தாராளமாக எடு, ஆனால் மூன்று வருடத்தோடு போதாது. முதுகலை முடித்து, கிளினிக்கல் சைக்காலஜியில் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்துப் பதிவு எண் வாங்க வேண்டும். அந்தப் படிப்பின் பெயரும் அமைப்பும் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது, எனவே எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும் அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சிலின் பட்டியலில் பார்த்துவிட்டுப் பணம் கட்டு. ஆறு மாத ஆன்லைன் கோர்ஸ் முடித்து ஆலோசகர் பலகை மாட்டும் வழி வேண்டவே வேண்டாம். பி.எஸ்சி. நர்சிங் முடித்து மனநல நர்சிங்கில் எம்.எஸ்சி., சமூகப் பணி படித்து மனநல சமூகப் பணி, ஆக்குபேஷனல் தெரபி, எல்லாமே எங்களோடு ஒரே வார்டில் தோளோடு தோள் நிற்கும் வேலைகள். உன் மாமா மறுபடி வேலைக்குப் போனதில் ஒரு சமூகப் பணியாளரின் கையும் இருந்திருக்கும், கேட்டுப் பார்.

இப்போதைக்கு இயற்பியலையும் வேதியியலையும் விட்டுவிடாதே, உயிரியலில் நல்ல மார்க் வாங்கும் பிள்ளைகள் நீட்டில் சறுக்குவது அந்த இரண்டில்தான். தோழிகளுக்கு நோய்ப் பெயர் சூட்டும் பழக்கம் வேண்டாம். அடுத்த மாதம் மாமா ரத்தம் கொடுக்கப் போகும்போது லீவு நாளாக இருந்தால் நீயும் கூடப் போய் அந்த ஓ.பி.யில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திரு. அப்புறம், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழைத் தலைமையாசிரியரிடம் இப்போதே கேட்டு வாங்கு. நடுவில் வேறு பள்ளியில் படித்திருந்தால் அங்கேயும் தனியாக வாங்க வேண்டும், கவுன்சலிங் நேரத்தில் அதற்காக அலையும் பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். ரிசல்ட் வந்ததும் எழுது.